இடது ஆசனத்துப் பெல்ட்

தயாபரன் பதுளையில், வீதி வேலைகளைப் பார்க்கும் அரச அலுவலகம் ஒன்றில் பொறியியலாளர். மலைப்பாதையில் எந்த வளைவுக்குத் தடுப்புச் சுவர் வேண்டும், எங்கே வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகை நட வேண்டும் என்று தீர்மானித்துக் கையெழுத்து வைப்பது அவர் வேலை. சொந்த ஊர் யாழ்ப்பாணத்துக் கோப்பாய். மலைக்கு வந்து பதினொரு வருடமாகிறது. கிழமையில் ஐந்து நாள் மற்றவர்களை மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தான் மட்டும் பறக்கிற மனிதர் என்று அலுவலகத்தில் அவரைப் பகிடி பண்ணுவார்கள்.

அவரிடம் ஒரு பழைய ஸ்டார்லெட் கார் இருந்தது. பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, உள்ளே இரும்புக் குழாய்க் கூடு பற்றவைத்து, அதைப் பந்தயக் காராக மாற்றியிருந்தார். வருடத்துக்கு மூன்று நான்கு முறை தோட்டப் பாதைகளில் ரலி நடக்கும். பாதையை மூடிவிட்டுக் கார்களை ஒவ்வொன்றாக விடுவார்கள். யார் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கிறார்களோ அவருக்குக் கிண்ணம்.

ரலிக் காருக்குள் இரண்டு பேர் இருக்க வேண்டும். வலது ஆசனத்தில் சாரதி, இடது ஆசனத்தில் நெவிகேட்டர். பாதையை முன்கூட்டியே பார்த்து எழுதி வைத்த குறிப்பை, அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியுமுன் சாரதியின் காதுக்குச் சொல்வது நெவிகேட்டரின் வேலை. தயாபரனுக்கு அந்த வேலையைச் செய்தவன் ரஜீவ். பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளை, இருபத்தேழு வயது. ஹாலிஎலயில் ஒரு கராஜில் மெக்கானிக். ஸ்டார்லெட்டை முதன்முதலில் பழுது பார்க்கக் கொண்டுபோனபோது, எஞ்சினைத் திறக்குமுன் பத்து நிமிடம் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றான். அது தயாபரனுக்குப் பிடித்துப்போயிற்று. நான்கு வருடமாக அவன்தான் இடது பக்கம். அவன் குரல் தெளிவானது, அவசரப்படாதது. "வலது நாலு... பாலம்... இடது ரெண்டு, இறுகுது" என்று அவன் சொல்லச் சொல்ல, தயாபரனின் கைகள் யோசிக்காமல் சுற்றும். எண் சிறியதாக ஆக வளைவு கடுமையானது, இறுகுது என்றால் போகப் போக இன்னும் ஒடுங்கும்.

அவன் அவரை 'சேர்' என்பான். அவர் அவனை 'நீ' என்பார். இருவரும் நண்பர்கள் என்றுதான் தயாபரன் எல்லோருக்கும் சொல்லி வந்தார்.

அந்த வருடம் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ரலி வைப்பதாக மலைச்சாரல் மோட்டார் கழகம் அறிவித்தது. கூடவே ஒரு கடுமையான விதியும் வந்தது. பந்தயப் பெல்ட்டின் தோள்வார்களில் ஒரு சிறு துணிச்சீட்டு தைத்திருக்கும். எந்த வருடத்துக்குப் பிறகு அந்தப் பெல்ட்டைப் பாவிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். சீட்டில் உள்ள வருடம் தாண்டியிருந்தால் கார் ஓட முடியாது, சாக்குச் சொல்ல இடமில்லை.

ஸ்டார்லெட்டின் இரண்டு பெல்ட்டுகளும் காலம் கடந்தவை. தயாபரன் கொழும்புக் கடை ஒன்றில் இரண்டு புதிய பெல்ட்டுகள் கேட்டார். ஒன்றுதான் கையில் இருக்கிறது, மற்றது கப்பலில் வருகிறது, ஆறு கிழமை செல்லும் என்றார்கள். ரலிக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

வந்த ஒன்றை வலது ஆசனத்தில் பூட்டினார். இடது ஆசனத்துப் பழைய பெல்ட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். நாடா கொஞ்சம் வெளிறியிருந்தது. மடித்துப் பார்த்தால் விறைப்பாக இருந்தது. மற்றபடி ஒரு குறையும் தெரியவில்லை. புதிய பெல்ட்டின் இரண்டு தோள்வார்களிலும் ஒவ்வொரு சீட்டு இருந்தது. பரிசோதகர் ஒரு சீட்டைப் பார்த்தால் போதும். காருக்குப் போய், புதியதிலிருந்து ஒன்றைச் சவர அலகால் நூல் நூலாகப் பிரித்தெடுத்தார். பழையதிலிருந்த சீட்டுகளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்.

தைப்பதற்கு அவருக்குக் கை வராது. சுலோஜனாவைக் கூப்பிட்டார். அவர் மனைவி, நகரத்துப் பாடசாலையில் கணித ஆசிரியை. பிள்ளைகளின் சீருடைகளை வீட்டிலேயே தைப்பவள்.

"சுலோ, இந்தச் சீட்டுக் கழண்டு போச்சு. ஒருக்காத் தைச்சுத் தாரும்."

மெஷினில் வைத்ததும் ஊசி முறிந்தது. "சரியான தடிப்பப்பா இது" என்று சொல்லிவிட்டு, சாக்கு ஊசியும் கறுப்பு நூலும் எடுத்துக் கையாலேயே தைத்தாள். ஒவ்வொரு குத்துக்கும் விரலுறையை வைத்து அழுத்த வேண்டியிருந்தது. முடிந்ததும் இழுத்துப் பார்த்தாள். "இனிக் கழராது" என்றாள்.

வழக்கமாகப் பெல்ட்டுகளைப் பூட்டுவது ரஜீவ். இந்த முறை தயாபரன், "நீ வரத் தேவையில்லை, நான் பூட்டிட்டன்" என்று தொலைபேசியில் சொன்னார். பயிற்சிக்கு வந்த அன்று ரஜீவ் இடது ஆசனத்தில் உட்கார்ந்து, வார்களைத் தோளில் போட்டு, கொளுவியைப் பூட்டினான். விரலால் நாடாவை ஒரு தடவை தடவினான்.

"புது பெல்ட்டுங்களா சேர்?"

"ஓம். ரெண்டும் புதுசு."

"சரிங்க சேர்" என்றான்.

ரலிக்கு முந்தைய நாள் கார்களுக்குப் பரிசோதனை. பரிசோதகர் லத்தீப், பதுளையில் டயர்க் கடை வைத்திருப்பவர், அறுபது தாண்டியவர். இளைஞர்களுக்கு அவரைக் கண்டால் எரிச்சல். கண்ணாடிக் கீறல், தளர்ந்த ஆணி, தீயணைப்பானின் திகதி என்று எதையும் விடமாட்டார். ஸ்டார்லெட்டின் கூட்டைத் தட்டிப் பார்த்தார். ஹெல்மட்டுகளைப் பார்த்தார். மோதும்போது தலை முன்னால் தெறிக்காமல் பிடிக்கும் கழுத்துக் காப்புகளைப் பார்த்தார். பிறகு இடது பெல்ட்டின் சீட்டைப் பெருவிரலால் தடவினார். விரல் அந்தத் தையலில் ஒரு கணம் நின்றது.

"இதுவும் புதுசா தம்பி?"

"ஓம். ரெண்டும் ஒண்டா வந்தது."

லத்தீப் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் ரஜீவ் நின்றான். அவனையும் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இஞ்சினியர் மனிசன் சொல்லுறீங்க" என்று லத்தீப் படிவத்தை நீட்டினார். காரிலுள்ள பாதுகாப்புச் சாதனங்கள் யாவும் விதிப்படி இருக்கின்றன என்று அதில் அச்சடித்திருந்தது. தயாபரன் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே ரஜீவ் கையெழுத்திட்டான்.

மறுநாள் மூன்றாவது ஓட்டம். தோட்டத்தின் மேல்பிரிவிலிருந்து தொழிற்சாலைக்கு இறங்கும் பாதை. மெல்லிய தூறல். அதுவரை அவர்கள் இரண்டாமிடத்தில் இருந்தார்கள்; ஏழு விநாடிதான் வித்தியாசம்.

"வலது மூணு, இறுகுது. ஈரம். மெதுவா" என்றான் ரஜீவ்.

தயாபரனுக்கு அது நன்றாகக் கேட்டது. மெதுவாக்கவில்லை. வளைவின் நடுவில் பின்சில்லுகள் வழுக்கின. கார் பாதையை விட்டு வெளியேறி, தேயிலைச் செடிகளை முறித்துக்கொண்டு சரிவில் இரண்டு படித்தட்டு கீழே பாய்ந்து, ஒரு மதகுச் சுவரில் நேராக மோதி நின்றது.

தயாபரனைப் புதிய பெல்ட் ஆசனத்தோடு இறுக்கிப் பிடித்திருந்தது. நெஞ்சு வலித்தது, அவ்வளவுதான். இடது பக்கம் திரும்பினார். ரஜீவ் முன்னால் சரிந்து கிடந்தான். அவன் தோளுக்குப் பின்னாலிருந்து வர வேண்டிய வார் அறுந்து, பிசிர் பிசிராக மடியில் கிடந்தது. பின்கண்ணாடி வழியாக வருடக்கணக்கில் வெயில் பட்ட இடத்தில் அது அறுந்திருந்தது. சீட்டுத் தைத்த இடம் நெஞ்சுக்கு நேரே அப்படியே இருந்தது. தயாபரன் இவ்வளவையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார். அதன் பிறகுதான் ரஜீவின் வாயிலிருந்து வடிந்த இரத்தம் அவர் கண்ணில் பட்டது.

அவர் பாய்ந்து இறங்கினார். மறுபக்கம் ஓடி, நெளிந்த கதவை இரண்டு கைகளாலும் பிய்த்தார். ரஜீவின் தலை அசையாதபடி பிடித்துக்கொண்டு, "ஆராவது வாங்கோ! கெதியா வாங்கோ!" என்று கத்தினார். ஒரு நிமிடத்துக்குள் பாதைக் காவலர்கள் வந்துவிட்டார்கள். முதுகுப் பலகையில் கிடத்திக் கட்டினார்கள். தொழிற்சாலை வாசலில் காத்திருந்த அம்புலன்ஸ் பதுளைக்குப் பறந்தது.

தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. பற்கள் போயிருந்தன. மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன. கழுத்துக் காப்பும் ஹெல்மட்டும் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்றார் டொக்டர். அந்தக் காரில் கூடு பிடித்தது, ஹெல்மட் பிடித்தது, தீயணைப்பான் தயாராக இருந்தது, ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள். தயாபரன் பொய் சொன்ன ஒரு பொருள் மட்டும் கைவிட்டது.

மேலே பாதையில் நின்ற யாரோ ஒருவர் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்திருந்தார். தயாபரன் கதவைப் பிய்ப்பதும், நண்பனின் தலையைத் தாங்கிக்கொண்டு கத்துவதும் அன்று மாலையே எல்லோர் கைகளிலும் ஓடியது. 'தன் உயிரைப் பொருட்படுத்தாமல் நண்பனைக் காத்த பொறியியலாளர்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் எழுந்து நின்று கை தட்டினார்கள். "அப்படி ஒண்டுமில்லை" என்றார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கழகத்தில் அறுந்த பெல்ட்டைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. புதிய பெல்ட்டிலும் சிலவேளை பழுது இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டில்தான் கேள்வி வந்தது. மூன்றாம் நாள், காரின் படங்களை யாரோ அனுப்ப, சுலோஜனா அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பெல்ட் நான் தைச்சதுதானே?"

"ஓம்."

"எந்த இடத்தில அறுந்தது? நான் ஊசி போட்ட இடத்திலயோ?"

இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அடுத்ததாக, அப்படியென்றால் புதுப் பெல்ட் ஏன் அறுந்தது என்று கேட்பாள். கணிதம் படிப்பிப்பவள், ஒரு படியையும் விடமாட்டாள். "தெரியேல்லை" என்றார்.

அன்று முதல் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தடித்த நாடாவில் அத்தனை ஓட்டை போட்டால் பலம் போகாதா, எனக்கு ஏன் அந்த அறிவு வரவில்லை என்று புலம்பினாள். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கரைத்துக் கொண்டுபோனாள். ரஜீவின் வாயைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், குழாயால்தான் குடித்தான். அவன் அம்மா தனலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு சுலோஜனா அழுதாள். ஏன் அழுகிறாள் என்று அந்தத் தாய்க்கு விளங்கவில்லை. "அழாதீங்க டீச்சர், புள்ள பொழச்சிருச்சில்ல" என்று அவளையே தேற்றினாள். தயாபரன் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரஜீவும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதாம் நாள் காலையில், நகரத்து நலன்புரிச் சங்கத்தார் கோயில் மண்டபத்தில் ஒரு பாராட்டு வைத்தார்கள். வர முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் அவருக்குக் கிடைக்கவில்லை. மேடையில் உட்கார வைத்துப் பேசினார்கள். பிறகு, பொன்னாடை போர்த்த ரஜீவின் தாயையே அழைத்தார்கள்.

தனலெட்சுமி தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண். மேடை ஏறிப் பழக்கமில்லை. செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு ஏறி வந்தாள். தோளுக்கு எட்டவில்லை, தயாபரன் குனிந்தார். போர்த்திவிட்டு அவர் கைகள் இரண்டையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"எம்மவன தூக்கிக் குடுத்த கைங்க இது" என்றாள். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் சுலோஜனா மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தன்னைக் குற்றவாளி என்று நினைத்துக் குனிந்திருக்கிறாள் என்பது தயாபரனுக்குத் தெரியும். பட்டு ஆடை கழுத்தில் சுட்டது. எழுந்து இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று கால்கள் ஒருமுறை துடித்தன. சொல்லவில்லை. எழுந்து கும்பிட்டு நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சுலோஜனா முகம் கழுவாமல் கதிரையில் உட்கார்ந்தாள்.

"நான் நாளைக்கு அந்த அம்மாவிட்டப் போய்ச் சொல்லப்போறன். என்ர தையலாலதான் எண்டு. இனிமேல் என்னால ஏலாது."

தயாபரன் நின்றபடியே சொன்னார். பெல்ட் பழையது என்பதை, சீட்டை மாற்றியதை, அறுந்தது வேறு இடத்தில் என்பதை. சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே பிள்ளைகள் சைக்கிள் ஓடும் சத்தம் கேட்டது.

"ஒன்பது நாள்" என்றாள் சுலோஜனா. "ஒன்பது நாளா நான் அழேக்க நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வேண்டாம்" என்றாள். "பெல்ட்டை விடுங்கோ. அவசரத்தில ஒரு மடத்தனம் செய்தனீங்கள் எண்டு வைப்பம். இதுக்கு என்ன பேர்?"

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவர் லத்தீப்பின் டயர்க் கடைக்குப் போனார். லத்தீப் ஒரு சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் காற்றுக் குழாயை நிறுத்தினார். கத்துவார் என்று தயாபரன் எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"என்ட நானாவும், எனக்கு மூத்தவர், ரேஸ் ஓடினவர்தான்" என்றார். "எழுபத்தெட்டில. அந்தக் காலத்தில பெல்ட்டுமில்ல, கூடுமில்ல. தலையில துணித்தொப்பி. பெல்ட் போட்டா நெருப்புல மாட்டிக்குவோம், வெளிய பறந்து விழுந்தாத்தான் உசிரு தங்கும்னு எல்லாரும் நம்பினாங்க. நானா பறந்துதான் விழுந்தார். கார் அவருக்கு மேல வந்து விழுந்துச்சு. எனக்கு அப்ப பதினாறு வயசு."

கையைத் துணியில் துடைத்தார்.

"அவங்களுக்குத் தெரியாது தம்பி. தெரியாமச் செத்தாங்க. ஒவ்வொருத்தன் செத்துச் செத்துத்தான் இப்ப இரிக்கிற ஒவ்வொரு சட்டமும் வந்துச்சு. உங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்க தெரிஞ்சுதான் செஞ்சீங்க."

தயாபரன் தலையசைத்தார்.

"என்ட விரல் அந்த நூல்ல பட்டிச்சு" என்றார் லத்தீப். "கம்பெனித் தையல் இல்லன்னு அதுக்குத் தெரியும். இஞ்சினியரச் சந்தேகப்படவான்னு விட்டுட்டேன். வேற பொடியனா இருந்தா விட்டிருக்க மாட்டேன். அதையும் அறிக்கையில எழுதுவேன். நீங்க சொன்னதையும் எழுதுவேன்."

"எழுதுங்கோ" என்றார் தயாபரன். வெளியே வந்தபோது நெஞ்சு சற்று இலேசாக இருந்தது. அந்த இலேசுக்காகப் பின்னால் மிகவும் வெட்கப்பட்டார்.

அடுத்து அவர் போயிருக்க வேண்டியது ரஜீவிடம். ரஜீவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நாளைக்குப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். பதினைந்து நாளுக்குள் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. தயாபரனுக்கு ஐந்து வருடத் தடை. படிவத்தில் நெவிகேட்டரும் கையெழுத்திட்டிருப்பதால் ரஜீவுக்கு இரண்டு வருடத் தடை. ரஜீவின் பெயர் இருந்த வரியைத் திரும்பவும் வாசித்தார். அதே கடிதத்தின் பிரதி பூனாகலைக்கும் போயிருக்கும்.

அன்றே புறப்பட்டார். பண்டாரவளை தாண்டி, தோட்டப் பாதையில் பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி, தொழிலாளர் வரிசை வீடுகளிருந்த லயத்துக்கு நடந்து ஏறினார். தனலெட்சுமி மலையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். ரஜீவ் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாயில் இன்னும் கம்பி. பக்கத்தில், பாதைக் குறிப்பு எழுதும் பழைய கொப்பி. இப்போது அதில்தான் எழுதிப் பேசுகிறான். கொப்பியின் மேல் அந்தக் கடிதம் கிடந்தது.

"ரஜீவ், அந்தப் பெல்ட் புதுசில்லை. நான் உன்னட்டப் பொய் சொன்னனான்."

ரஜீவ் கொப்பியை எடுத்து எழுதித் திருப்பிக் காட்டினான்.

'தெரியும்.'

ரஜீவ் மறுபடி எழுதினான். 'கொளுவியில என் ஸ்குரூடிரைவர் கீறல் இருந்துச்சு. போன வருசம் நான் போட்டது.'

"பிறகேன் சொல்லேல்லை?"

இந்த முறை எழுத நேரம் எடுத்தது. 'சொன்னா நீங்க வேற ஆள ஏத்துவீங்க.'

அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல நினைத்தார். ஆனால் ரலிக்கு இரண்டு கிழமை இருந்தபோது தன் மனம் எப்படி இருந்தது என்பது அவருக்கு நினைவிருந்தது. ஏற்றியிருப்பார்.

ரஜீவ் கடிதத்தைத் தட்டிக் காட்டி எழுதினான். 'நீங்க உங்க மனச ஆத்திக்கப் போய் சொல்லிட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. என் பேரும் போச்சு.'

அதுவரை அடுப்பருகே நின்ற தனலெட்சுமி கிட்ட வந்தாள். அவளுக்குக் கடிதத்தை யாரோ வாசித்துக் காட்டியிருந்தார்கள். கோபமாகப் பேசவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்.

"சேர், ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு. சரிங்க, ஒண்ணுதான் கெடச்சுச்சு. புதுச நீங்க போட்டுக்கிட்டீங்க. பழச எம்மவனுக்குப் போட்டீங்க. அத எப்பிடிங்க முடிவு பண்ணுனீங்க?"

ஓட்டுகிறவனுக்குத்தான் நல்லது வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன் என்றாவது தயாபரன் சொல்லலாம். ஆனால் அவர் எந்தக் கணக்கும் பார்த்திருக்கவில்லை. பெட்டியைத் திறந்தார், புதியதை வலது பக்கம் பூட்டினார். அதை இடது பக்கம் பூட்டலாம் என்ற எண்ணம் அவருக்கு ஒரு கணமும் வரவே இல்லை.

"முடிவு பண்ணேல்லை அம்மா" என்றார். "யோசிக்கவே இல்லை."

தனலெட்சுமி அடுப்புப் பக்கம் திரும்பினாள். "பஸ்ஸு ரெண்டு மணிக்குங்க" என்றாள். தேத்தண்ணி தரவில்லை. அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார். தேத்தண்ணி குடிக்காமல் இறங்கியது அதுவே முதல் முறை.

வீட்டுக்கு வந்து கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ரஜீவின் தடையை நீக்கி, அதையும் தன் கணக்கில் போடும்படி கேட்டார். ரஜீவுக்குப் பெல்ட் பழையது என்று தெரியாது என்று முதலில் எழுதினார். சுலோஜனா அவரோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை வாங்கி வாசித்தாள். "திரும்பவும் பொய்" என்று சொல்லிவிட்டு மேசையில் வைத்தாள். அவர் அதைக் கிழித்துவிட்டு, என்ன தெரியும் என்பதை ரஜீவே சொல்லட்டும், அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று மட்டும் எழுதினார்.

மூன்று மாதம் கழித்து விசாரணை வைத்தார்கள். ரஜீவின் வாய்க்கம்பியை எடுத்திருந்தார்கள். தாடை ஒரு பக்கம் சற்று இழுத்திருந்தது. சொற்கள் மெதுவாக, ஒவ்வொன்றாக வந்தன. ஒரு வளைவுக்குள் நான்கு குறிப்புச் சொன்ன அந்தக் குரல் இனி வராது என்பது அவன் முதல் வாக்கியத்திலேயே எல்லோருக்கும் விளங்கியது.

"எனக்கு தெரியுங்க" என்றான் குழுவைப் பார்த்து. "பழைய பெல்ட்டுன்னு தெரிஞ்சுதான் உக்காந்தேன். கையெழுத்தும் போட்டேன். தப்புதான். ஆனா பரிசோதனையில யாருங்க எங்கிட்ட கேட்டது? சேருகிட்டதான் கேட்டாங்க. கேட்டிருந்தாலும், சேர் பக்கத்துல நிக்கிறப்ப நான் என்னாங்க சொல்றது? இடது சீட்டுல இருக்கிறவன் எல்லாரும் இப்பிடித்தாங்க. வண்டி அவங்களது. ஏத்துறதும் எறக்குறதும் அவங்கதான்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த லத்தீப் எழுந்தார்.

"நாப்பது வருசமா இதப் பாக்கிறேன். கார்ல என்னென்னமோ மாத்தினோம். இது எங்களுக்குத் தோணல்ல" என்றார். நெவிகேட்டர்களின் சாதனங்களைத் தனியாக, சாரதி இல்லாத இடத்தில் பரிசோதிக்க வேண்டும். படிவமும் தனியாக இருக்க வேண்டும். நெவிகேட்டர் வேண்டாமென்றால் காரணம் சொல்லாமலே அந்தக் கார் நிற்க வேண்டும் என்று கேட்டார். குழு அதை ஏற்றுக்கொண்டது. ரஜீவின் தடையை நீக்கியது. தயாபரனின் ஐந்து வருடம் அப்படியே இருந்தது. லத்தீப்பையும் ஒரு வருடம் பரிசோதனையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அதை அவரே கேட்டு வாங்கினார்.

வெளியே படிக்கட்டில் தயாபரன் ரஜீவுக்காகக் காத்து நின்றார். "நீங்க உள்ள பேசினது..." என்று ஆரம்பித்தார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவனை 'நீங்க' என்றார். ரஜீவ் அதைக் கவனித்தானா என்று தெரியவில்லை. "கராஜுக்குப் போகணுங்க சேர், லீவு அரை நாள்தான்" என்று இறங்கிப் போனான்.

அலுவலகத்திலும் விஷயம் பரவியது. பகிடி நின்றுபோயிற்று. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒரு வரைபடத்தில் கையெழுத்து வைத்தால், கீழேயிருக்கும் உத்தியோகத்தர்கள் இப்போது அதை ஒருமுறை தாங்களும் சரிபார்த்தார்கள். சரிபார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. சரிபார்ப்பது நல்லதுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முகம் மட்டும் சூடாகும். பொன்னாடையை நலன்புரிச் சங்கத்தாரிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர்கள் அதை வாங்கத் தெரியாமல் தடுமாறினார்கள். கடைசியில் செயலாளர் வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். சுலோஜனா கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினாள். ஆனால் அவர் ஏதாவது ஒன்றைச் சொன்னால், பதில் சொல்லுமுன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது.

அடுத்த வருடம் அதே பாதையில் ரலி நடந்தது. தயாபரன் யாருக்கும் சொல்லாமல், பதுளையிலிருந்து பஸ்ஸில் போனார். பரிசோதனை நடக்கும் இடத்தில் இரண்டு கூடாரங்கள் இருந்தன. இரண்டாவதில் நெவிகேட்டர்கள் ஒவ்வொருவராகத் தனியே போனார்கள். உள்ளே, கழுத்தில் பரிசோதகர் அடையாள அட்டை தொங்க, ரஜீவ் மேசையருகே நின்றான். கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண் தன் பெல்ட்டை நீட்டினாள். அவன் நாடாவை அங்குலம் அங்குலமாக மடித்துப் பார்த்தான். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக ஏதோ கேட்டான். அவள் வெளியே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான்.

தயாபரன் தன்னையறியாமல் பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றைத் தாண்டிக் கூடாரத்துக்குக் கிட்டப் போயிருந்தார். ரஜீவ் நிமிர்ந்து அவரைக் கண்டான். வேலையை வைத்துவிட்டு வெளியே வந்தான்.

"சேர், இங்க நிக்க முடியாதுங்க. கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க."

மரியாதைக் குறைவு எதுவும் அந்தக் குரலில் இல்லை. வேறு யாராயிருந்தாலும் அதையே, அப்படியேதான் சொல்லியிருப்பான்.

"சரி" என்றார் தயாபரன். கயிற்றைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போய், தோட்டத்து ஆட்களோடு நின்றார். கொஞ்ச நேரத்தில் முதல் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.